ஆகாயத்தில் இடம் பிடித்த கதை

பஸ்ஸில் இடம் பிடிப்பது எப்படி என்று நம்மவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வண்டி நிலையத்துக்குள் நுழைந்து நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாக ஒரு துண்டு பறந்து உள்ளே விழும். துண்டு இல்லாதவர் குடையைப் போடுவார். குடையும் இல்லாதவர் தம்முடைய குழந்தையையே ஜன்னல் வழியாக உள்ளே இறக்கி விடுவார். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருடையது. இந்தச் சட்டத்தை எந்தச் சட்டசபையும் இயற்றியதில்லை. ஆனாலும் அதை மீறுகிறவர்கள் அநேகமாக இல்லை.

கீழவைப்பாரில் இருக்கும் என் வீட்டுக்கும் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே இருபது வருஷங்களாக நான் பஸ்ஸில் போய் வருகிறேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்காது, எந்த ஆசனத்துக்கு அடியில் சக்கரம் வருவதால் காலை மடக்கிக்கொள்ள வேண்டும், கடைசி வரிசையில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலை எவ்வளவு உயரம் போய் வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட நிபுணன், ஆகாய விமானத்தில் இரண்டே இரண்டு இடம் பிடிக்கப் போய் அசடு வழிந்து நின்றேன். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன். என்னைப் போல் முதன்முதலாக நீண்ட விமானப் பிரயாணம் புறப்படுகிறவர்களுக்கு இது உபயோகப்படக்கூடும்.

என் தங்கை லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தலைப் பிரசவம். "அம்மா பக்கத்தில் இருந்தால் தேவலை" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அப்படிப் போனதனால்தான் அது என் மனத்தை உறுத்திற்று.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. மூன்று வருஷங்களுக்கு முன்னால் வலது முழங்காலுக்குச் சத்திர சிகிச்சை செய்து செயற்கை மூட்டு வைத்திருக்கிறது. "இங்கிலாந்துக்கா? ஒங்க அப்பா என்னைக் கொழும்புக்குக்கூடக் கூட்டிக்கிட்டுப் போனதில்லையே!" என்று சிரித்தாள். ஆனால் மறு நாளே பெட்டியைத் துடைத்து வெயிலில் காய வைத்துவிட்டாள்.

டாக்டரிடம் கேட்டேன். போகலாம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். வெகு நேரம் காலை அசைக்காமல் மடக்கி உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறைந்து கட்டியாகக்கூடும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தில் இந்த அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2007-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில் கண்டிருக்கிறது. இரு மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு வரக்கூடியது என்றுதான் அதே ஆராய்ச்சி சொல்லுகிறது. ஆனால் வயதானவர்கள், சத்திர சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதலியோர் சற்று அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "ஒரு மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நடக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆகையால் அவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர்.

இவ்வாறாக, மற்றவர்களுக்கு ஆடம்பரமாய் இருக்கக்கூடிய ஒரு விஷயம் எங்களுக்கு வைத்தியமாக முடிந்தது.

சென்னையிலிருந்து லண்டனுக்கு வழியில் எங்கும் இறங்காமல் பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகக்கூடிய உயர்ந்த வகுப்பின் கட்டணத்தைக் கைபேசியில் பார்த்தேன். பார்த்தவுடன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். எங்களுக்கு உரியது சிக்கன வகுப்பு.

இந்தச் சிக்கன வகுப்பை நாம் இளப்பமாக நினைப்பது சரியல்ல. அது இல்லாவிட்டால் நம்மைப் போன்றவர்கள் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்கலாமேயன்றி, அதில் ஏறிப் போக முடியாது. 1948-ஆம் வருஷம் ஜூன் மாதம் 8-ஆம் தேதி 'மலபார் பிரின்ஸஸ்' என்ற ஏர் இந்தியா விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக முதல் முதலாக லண்டனுக்குப் புறப்பட்டபோது அதில் இருந்த பிரயாணிகள் 35 பேர்தான். ஒரு வழிக் கட்டணம் 1,720 ரூபாய். அந்தக் காலத்து உபாத்தியாயர் ஒருவர் அந்தத் தொகையைத் தம்முடைய ஆயுளில் ஒரு சேரப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். பிறகு 1952-இல் அட்லாண்டிக் மார்க்கத்தில் 'டூரிஸ்ட்' வகுப்பு என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1958-இல் அதற்கும் மலிவான சிக்கன வகுப்பு வந்தது. கட்டணம் குறைந்தது, கூட்டம் பெருகிற்று, ஆசனங்கள் ஒன்றை ஒன்று நெருங்கி வந்தன.

மலிவு என்றால் எங்கள் ஜில்லாக்காரர்களுக்குச் சற்று முன் ஜாக்கிரதை உண்டு. 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். எதிர்க் கம்பெனியான வெள்ளைக்காரக் கம்பெனி அதைக் கவிழ்ப்பதற்காகக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் பிரயாணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொண்டு ஆளுக்கு ஒரு குடையும் கொடுப்பதாகச் சொல்லிற்று. அந்தக் குடைக்கு நாம் கொடுத்த விலை என்ன என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆகையால், 'மலிவு டிக்கட்டு' என்று எதைக் கண்டாலும் 'எங்கே குடை?' என்று தேடுவது என் வழக்கம்.

இந்த டிக்கட்டிலும் தேடினேன், அகப்பட்டது. டிக்கட்டுக்குப் பணம் கட்டினால் விமானத்தில் இடம் உண்டு. ஆனால் எந்த இடம் என்று நாமே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டுமானால், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டாதவர்களுக்கு மிச்சம் மீதியில் ஏதாவது ஒன்று கிடைக்கும். அதாவது, துண்டு போடுவதற்கு ஒரு கட்டணம்!

பணம் கட்டுவதற்கு முன்னால், கணக்கு வாத்தியார் என்ற முறையில், விஷயத்தை முறையாக ஆராய்ந்துவிடுவது என்று தீர்மானித்தேன். நீண்ட பிரயாண விமானங்களின் சிக்கன வகுப்பில், ஓர் ஆசனத்தின் முதுகிலிருந்து முன் ஆசனத்தின் முதுகு வரையில் உள்ள தூரம் இப்போது பெரும்பாலும் 31 அல்லது 32 அங்குலம். ஆசனத்தின் அகலம் 17 முதல் 18 அங்குலம். பள்ளிக்கூடத்து மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்கால் வரையில் அளந்தேன். சரியாக 24 அங்குலம் இருந்தது. 31-இல் 24 போனால் மீதி 7. அதில் ஆசனத்தின் கனம் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும். முன்னால் இருப்பவர் சாய்ந்துகொண்டால் மிஞ்சியதும் போய்விடும்.

"பையன்களுக்குக் கணக்குப் போட்டது போதாதென்று முழங்காலுக்கும் கணக்கா?" என்றாள் என் மனைவி.

நான் விடவில்லை. மேலும் ஆராய்ந்ததில் சில விஷயங்கள் தெரிந்தன. விமானத்துக்கு விமானம் வித்தியாசம் உண்டு. போயிங் 787 விமானத்தில் ஒரு வரிசைக்கு எட்டு ஆசனங்கள் போடலாம் என்றுதான் ஆதியில் எண்ணினார்கள். பெரும்பாலான கம்பெனிகள் ஒன்பது போட்டுவிட்டன. அதனால் அகலம் 17 அங்குலத்துக்கு வந்துவிட்டது. ஏர்பஸ் 350-இலும் ஒன்பதுதான். ஆனால் அதன் உடல் சற்று அகலம் என்பதால் ஆளுக்கு 18 அங்குலம் கிடைக்கிறது. போயிங் 777-இல் முன்பு ஒன்பது இருந்த வரிசையில் இப்போது பல கம்பெனிகள் பத்து வைத்திருக்கின்றன. ஆகவே, கட்டணத்தைப் பார்க்கும்போதே எந்த விமானம் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கும் விமானம் ஒன்று இருக்கிறது. பிரயாணம் ஏறக்குறைய 18 மணி நேரம். அதில் சிக்கன வகுப்பே வைக்கவில்லை. அந்த ஆசனத்தில் 18 மணி நேரம் உட்காரும்படி சொல்ல அவர்களுக்கே மனம் வரவில்லை போலும்!

இனி, ஒரே விமானத்துக்குள் எந்த இடம் நல்ல இடம்? ஜன்னல் ஓரம் என்றால் தலையைச் சாய்த்துத் தூங்கலாம். யாரும் நம்மைத் தாண்டிப் போக மாட்டார்கள். ஆனால் நாம் எழுந்திருக்க வேண்டுமானால் இரண்டு பேரை எழுப்ப வேண்டும். நடைபாதை ஓரம் என்றால் இஷ்டப்பட்டபோது எழுந்து நடக்கலாம். ஆனால் உணவு வண்டி முழங்கையில் இடித்துக்கொண்டு போகும். நடு ஆசனத்துக்கு இந்த இரண்டு நன்மைகளும் இல்லை. இரண்டு கஷ்டங்களும் உண்டு. கடைசி வரிசையில் சில ஆசனங்கள் சாயாது. பக்கத்திலேயே கழிப்பறை இருக்கும்; அதற்குக் காத்திருப்பவர்கள் நம் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தடுப்புச் சுவரை ஒட்டிய முன் வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தைகளின் தொட்டிலை அந்தச் சுவரில்தான் மாட்டுகிறார்கள். சில ஆசனங்களின் அடியில் ஒரு மின்சாரப் பெட்டி உட்கார்ந்துகொண்டு, நம் காலுக்கு உரிய இடத்தை அபகரித்துக்கொள்ளும். ஜன்னல் ஓரம் என்று பெயர் பெற்றும் ஜன்னலே இல்லாத ஆசனங்கள்கூடச் சில விமானங்களில் உண்டு.

இவற்றையெல்லாம் ஆராய்ந்தபோது, படத்தில் ஒரு வரிசை மாத்திரம் என் கண்ணைக் கவர்ந்தது. அவசர காலத்தில் வெளியேறுவதற்கான கதவை ஒட்டிய வரிசை அது. அதற்கு முன்னால் ஆசனமே கிடையாது. காலை நீட்டலாம், மடக்கலாம், எழுந்து நிற்கலாம். கட்டணம் மற்ற இடங்களைவிட அதிகந்தான். ஆனால் அம்மாவின் காலுக்காகவே கட்டி வைத்த வரிசை போல இருந்தது. படத்தின் கீழே பொடி எழுத்தில் ஏதோ பத்துப் பன்னிரண்டு வரிகள். அவற்றுக்குக் கீழே, 'மேற்கண்ட நிபந்தனைகளைப் படித்துச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு கட்டம். கட்டத்தில் குறி போட்டேன், பணத்தைக் கட்டினேன்.

வருஷா வருஷம் பரீட்சைக்கு முன்னால் பையன்களுக்கு நான் ஒரு வாக்கியம் சொல்லுவது வழக்கம்: "வினாவை முழுவதும் படித்துவிட்டு விடையை எழுதுங்கள்." இருபது வருஷங்களில் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, தெரியாது.

சென்னை விமான நிலையத்தில் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி சொல்லி வைத்திருந்தோம். அதில் அவள் அமர்ந்து, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு, நாலு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பையில் கருப்பட்டியும் பிரசவ மருந்துச் சாமான்களும் இருந்தன. டிக்கட்டுகளைச் சரி பார்க்கும் மேஜைக்குப் போனதும், அங்கிருந்த பெண் சக்கர நாற்காலியைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், மறுபடி சக்கர நாற்காலியைப் பார்த்தாள்.

"ஸார், இவங்களை அந்த வரிசையிலே உட்கார வைக்க முடியாது" என்றாள், மிகவும் மரியாதையாக.

காரணத்தையும் சொன்னாள். ஆபத்து நேர்ந்தால் அந்தக் கதவைத் திறக்க உதவி செய்யக்கூடிய திடகாத்திரர்கள்தான் அந்த வரிசையில் உட்காரலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், பிறர் உதவியின்றி நடக்க முடியாதவர்கள் ஆகியோர் கூடாது. "நீங்க சம்மதம்னு குறி போட்டிருக்கீங்களே!" என்றாள். பொடி எழுத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு வரிகள் அவைதான்.

விதி நியாயமானது. சிந்தித்துப் பார்த்தால், அதைவிட நியாயமான விதி ஒன்று இருக்க முடியாது. கதவண்டை நாலு அங்குலம் அதிகமாக இருப்பது அங்கே உட்காருகிறவரின் சுகத்துக்காக அல்ல. உள்ளே இருக்கும் அத்தனை பேரும் ஓடி வெளியேறுவதற்காக. அந்த இடத்தை நான் அம்மாவின் காலுக்கென்று விலைக்கு வாங்கப் பார்த்தேன். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கேட்க எனக்கு முகமில்லை.

விமானம் அன்று நிரம்பி வழிந்தது. கிடைத்த இடங்கள் இரண்டு. இரண்டும் நடு ஆசனங்கள். ஒன்று இறக்கைக்கு அருகில். மற்றொன்று அதற்குப் பன்னிரண்டு வரிசைகளுக்குப் பின்னால், கழிப்பறைக்குச் சமீபத்தில். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பெற்றோரில் ஒருவரோடு சேர்த்து உட்கார வைக்க வேண்டும் என்று நம் நாட்டு விமானப் போக்குவரத்து இலாகா 2024-இல் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. எழுபத்தொரு வயதுத் தாயாரை நாற்பத்தாறு வயதுப் பிள்ளையோடு சேர்த்து உட்கார வைப்பதற்கு உத்தரவு ஏதும் இல்லை.

எந்த இடத்தை அம்மாவுக்குக் கொடுப்பது? முன் இடத்தில் இரு பக்கமும் இரண்டு பருத்த மனிதர்கள் அதற்குள் வசதியாக அமர்ந்து, கண்ணை மூடிவிட்டார்கள். பின் இடம் கழிப்பறைக்குப் பக்கம். நடக்க வேண்டிய தூரம் குறைவு. அங்கே கொண்டுபோய் அம்மாவை உட்கார வைத்தேன். அவளுக்கு ஒரு புறத்தில் ஓர் அம்மாள் இருந்தாள். நடைபாதைப் புறத்தில் ஓர் இளைஞன், மேற்படிப்புக்குப் போகிறவன் போல் இருந்தான். அவனிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். அவனும் பணம் கட்டி வாங்கிய இடமாயிற்றே என்று நா எழவில்லை. பெல்ட்டை மாட்டிவிட்டு, "ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்திரும்மா" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து, இரண்டு பருத்த மனிதர்களுக்கு நடுவே சொருகிக்கொண்டேன்.

விமானம் மேலே போயிற்று. உணவு வந்தது, போயிற்று. விளக்கை அணைத்தார்கள்.

அந்த இருட்டில் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. திரும்பிப் பார்த்தால் ஆசனங்களின் முதுகுகள்தான் தெரிந்தன. எழுந்து போகலாம் என்றால் நடைபாதைப் பக்கத்து மனிதர் நல்ல தூக்கத்தில் இருந்தார். ஒரு மணி ஆயிற்று; இரண்டு மணி ஆயிற்று. அம்மாவின் சுபாவம் எனக்குத் தெரியும். பிறரைத் தொந்தரவு செய்வதற்கு அஞ்சித் தன் காலைத் தானே கொன்றுகொள்ளக் கூடியவள் அவள். பக்கத்தில் இருப்பவனை எழுப்ப மாட்டாள். எழுந்திருக்க நேருமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டாள். டாக்டர் சொன்ன கட்டி, அந்தப் பொடி எழுத்து வரிகள், லண்டனில் காத்திருக்கும் தங்கை எல்லாம் மாறி மாறி மனத்தில் வந்தன. மூன்றாவது மணி நேரத்தில் பொறுக்க மாட்டாமல், தூங்குகிறவரின் முழங்காலைத் தாண்டி, அவருடைய காலை மிதித்து, "மன்னிக்கணும்" என்று இரண்டு பாஷைகளில் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

அம்மாவின் ஆசனம் காலியாக இருந்தது.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பிறகு பார்த்தேன். பின்புறத்துத் திரைக்கு அருகே, வெளிச்சம் இருந்த இடத்தில், சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் தண்ணீர்க் கோப்பையோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். பணிப்பெண்ணிடம் ஏதோ சைகையில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, நீ ஏன் தூங்காம வந்தே? இது நாலாவது நடை. அந்தத் தம்பி ஏறின ஒடனேயே, 'பாட்டி, நீங்க ஓரத்துக்கு வாங்க'ன்னு எடத்தை மாத்திக் குடுத்துட்டான். வேண்டாம்னாலும் கேக்கல" என்றாள்.

கேட்க எனக்கு நா எழாத ஒன்றைக் கேட்காமலே கொடுத்திருந்தான் அந்தப் பிள்ளை. ஒரு பரீட்சைக்கும் வராத பாடம் இது. இதை அவனுக்கு யார் கற்பித்தார்களோ, நல்ல வாத்தியாராக இருக்க வேண்டும்.

அப்போது விமானம் சற்றுக் குலுங்கிற்று. அம்மா சுவரை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "இது அமரம்லா, ஆடத்தான் செய்யும்" என்றாள்.

எங்கள் கடற்கரைப் பேச்சில் வள்ளத்தின் முன் பக்கம் அணியம். பின் பக்கம் அமரம். என் தகப்பனார் வள்ளத்தில் போனவர்; சங்கு குளித்தவர். "புதுசாக் கடலுக்கு வார பையனை எங்க உக்கார வைப்பாங்க தெரியுமா? நடு வள்ளத்துல. அணியமும் அமரமும் தூக்கித் தூக்கிப் போடும்; நடு அவ்வளவா அசையாது. ஒங்க அப்பா சொல்லுவாரு. நீ இருக்க எடம் நடுவுல்லா? அங்க ஆட்டம் கொறச்சலா இருக்கும்" என்றாள்.

நான் வாயடைத்து நின்றேன். விமானத்திலும் அதுதான் உண்மை. அதன் பாரம் சமன்படும் புள்ளி இறக்கைகளின் பக்கத்தில் இருக்கிறது. ஏற்றப் பலகையின் இரு முனைகளும் ஏறி இறங்கினாலும் நடுப்பாகம் அசையாதிருப்பது போல, இறக்கை அருகே உட்காருகிறவர்களுக்குக் குலுக்கல் குறைவாகத் தெரியும்; வால் பக்கத்தில் அதிகமாகத் தெரியும். இதை நான் பல புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டேன். அம்மா விமானத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, காலாலும் இடுப்பாலும் தெரிந்துகொண்டுவிட்டாள்.

லண்டனில் இறங்கத் தொடங்கியபோது காது அடைத்தது. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலை மேல் இருப்பது போன்றது. ஏறக்குறையக் கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இறங்கும்போது அந்த அழுத்தம் கூடுவதால் காது அடைக்கிறது. எச்சிலை விழுங்கலாம், கொட்டாவி விடலாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை உள்ளே அழுத்தலாம். சங்கு குளிக்கிறவர்களுக்குக் கடலின் அடியில் வரும் காதடைப்பும் இந்த வகையைச் சேர்ந்ததே. பக்கத்து இளைஞனுக்கு மூக்கைப் பிடித்து மூச்சை அழுத்தும் விதத்தை அம்மா செய்து காட்டினாளாம். கைம்மாறு செய்துவிட்டாள்.

விமானம் நின்றது. அம்மாவின் கால்கள் புறப்பட்டபோது இருந்த மாதிரியே இருந்தன. எனக்கு மட்டும் கழற்றி வைத்த செருப்பில் கால் நுழையவில்லை. இரண்டு பாதங்களும் பணியாரம் போல் உப்பியிருந்தன. சக்கர நாற்காலியில் அம்மா ஏறி அமர, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் செருப்புமாக நான் அவள் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். தங்கை எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி: "அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

ஒன்பதாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம்.

விடுமுறை முடிந்து திரும்பும்போது, கைபேசியில் ஆசனப் படத்தை விரித்து அம்மாவின் முன்னால் வைத்தேன். பொடி எழுத்து வரிகளை முதலிலிருந்து கடைசி வரையில் உரக்கப் படித்தேன். "எது வேணும், நீயே சொல்லும்மா" என்றேன். அவள் படத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு, இறக்கைகளுக்கு நேரே, நடுப் பத்தியில் இருந்த மூன்று ஆசனங்களில் நடைபாதை ஓரத்தில் இருந்த ஒன்றின் மேல் விரலை வைத்தாள். நான் பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். அதைவிட நல்ல இடம் அவளுக்கு அந்த விமானத்தில் இல்லை. ஆட்டம் குறைவு. எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்கலாம். ஜன்னல் பத்தியின் ஓரத்தில் இருப்பவரை இரண்டு பேர் எழுப்ப வேண்டியிருக்கும். நடுப் பத்தியில் நடுவே இருப்பவருக்கு இரண்டு பக்கமும் வழி இருப்பதால் அந்தத் தொந்தரவும் பாதி. நடுவே இருக்கப்போகிறவன் நான்தான் என்பதால் அந்தப் பாதியும் இல்லை. அந்த இடத்துக்குக் கட்டணமும் கதவு வரிசையைவிட மிகக் குறைவு. கேட்டு வாங்கக் கூசாமல் கொடுத்தேன். பணம் மிச்சம் பிடிப்பதற்கு நூறு இடம் உண்டு. வயதானவர்களின் கால் அவற்றில் ஒன்றல்ல.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் சிறிய ஏ.டி.ஆர். விமானத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ஆசனங்கள்தான். ஏறும் வழி பின்னால் இருக்கிறது. முன் பாதியில் விசிறிகளின் இரைச்சல் அதிகம் என்பதால் பின் பக்கமே உத்தமம். அதன் இறக்கைகள் கூரையின் மேல் இருப்பதால், எந்த ஜன்னலிலும் பூமி மறைவதில்லை. அம்மாவுக்கு வழக்கம் போல ஓரம் கேட்டு வைத்திருந்தேன். அவள் அதில் உட்காராமல் நின்றாள்.

"ஒன்றரை மணி நேரந்தானே, கால் ஒண்ணும் செய்யாது. நான் ஜன்னல் பக்கம் இருக்கேன். இடப்பக்கந்தானே நம்ம கடல்?" என்றாள்.

பெரிய விமானத்தில் பத்து மணி நேரம் அவள் ஜன்னலைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? டாக்டர் சொன்னதைச் சொல்லி மறுத்திருப்பேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

இறங்கும் சமயத்தில் கண்ணாடியோடு முகத்தை ஒட்ட வைத்துக்கொண்டு, "அந்தா உப்பளம்... அந்தா ஆத்து முகம்... ஏலே, நம்ம கோயில் தெரியுது பாரு!" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். அவளுடைய நரைத்த தலையும், அதற்கப்பால் வெள்ளை வெள்ளையாகச் சில கட்டங்களும், நீலமாய் ஒரு கோடும் தெரிந்தன. கீழவைப்பாரா, வேறு ஊரா என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"தெரியுதும்மா" என்றேன்.